வேதாச்சலத்தின் கஞ்சித் தொட்டி

என்னை மான்கொல்லி என்று ஊர் முழுக்கச் சொன்ன மனிதரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அதனால் நடுநடுவே என் குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு வாய் நீளம். என் வீட்டுக்காரர் திருவேங்கடம் தடா பக்கத்தில் ஒரு கம்பெனிக்கு பஸ் ஓட்டுகிறார். வாரத்துக்கு ஒரு நாள்தான் வீட்டுக்கு வருவார். ஏன் தினமும் வருவதில்லை என்று யாராவது கேட்டால், "எங்க தாட்சாயணி வாய்க்கு வாரத்துல ஒரு நாளே ஜாஸ்தி" என்பார்.

வேதாச்சலம் அண்ணனுக்கு இப்போது அறுபத்து மூன்று வயது. நகரிக்கும் புத்தூருக்கும் நடுவே மலையை ஒட்டியிருக்கிறது எங்கள் ஊர். ஊரில் கடைசி வீடு அவருடையது. அதையடுத்து அவருடைய கொட்டகை, அதற்குப் பின்னால் ஒரு கல் தொட்டி, அப்புறம் மலை. கொட்டகைக்கு இந்தப் பக்கம் என் மாந்தோப்பு. மூன்று ஏக்கர், எல்லாம் பெங்களூரா மரம். அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு முள்வேலி மட்டும்தான்.

அவருடைய வேலை கஞ்சி காய்ச்சுவது. சிரிக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் தெருவுக்குத் தெரு விசைத்தறி. நூலை அப்படியே தறியில் ஏற்றினால் பட்பட்டென்று அறுந்து போகும். கஞ்சியில் முக்கிப் பிழிந்து, மூங்கிலில் காயப்போட்டு, விறைப்பானபிறகுதான் ஏற்ற வேண்டும். அந்தக் கஞ்சி வேலையை அவருடைய அப்பா செய்தார், பிறகு இவர். விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டுவார். ஆறு மணிக்கெல்லாம் இரண்டு கையும் முழங்கை வரை கஞ்சிக்குள் இருக்கும். அந்தக் கைகளின் தோல் எந்நேரமும் வெளுத்துச் சுருங்கியே கிடக்கும். கல்யாணத்துக்கு வந்தாலும் சாவுக்கு வந்தாலும் அவர் மேல் சோற்று வாசனை அடிக்கும்.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். மீந்த கஞ்சியைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. அரிசி ஆயிற்றே, எந்த உயிரின் வாயிலாவது போகட்டும் என்று அவருடைய அப்பா காலத்திலேயே அந்தக் கல் தொட்டியைக் கொண்டுவந்து மலைப்பக்கம் போட்டார்கள். கஞ்சியில் கடலை எண்ணெயும் உப்பும் சேர்ப்பார்கள். உப்பு வாசனைக்கு முதலில் முள்ளம்பன்றி வந்ததாம், அப்புறம் நரி, அப்புறம் புள்ளிமான். மான் வர ஆரம்பித்தபிறகு வேதாச்சலம் அண்ணனுக்கு மற்றதெல்லாம் கண்ணிலேயே படவில்லை.

இதை அவர் மனைவி கமலம்மா சொல்லிக் கேட்க வேண்டும். "தாலி கட்டின மறுநாளு, விடியறதுக்குள்ள எழுப்பி, வா உனுக்கு ஒண்ணு காட்டறேன்னாரு. கம்மலோ வளையலோன்னு நெனச்சிகினு பின்னாடியே போனேன். தொட்டிகிட்ட நிறுத்தி, பேசாத பேசாதன்னு வாயைப் பொத்திட்டாரு. எதிர்ல ஏழு மானு. அதான் நகை." இதைச் சொல்லிவிட்டுக் கமலம்மா தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் அந்த ஏழு மானும் எந்தெந்த இடத்தில் நின்றன என்பதுவரை சொல்வாள்.

அவருக்கு ஒரே பிள்ளை, சுரேஷ்பாபு. நாயுடுபேட்டையில் வேலை. அங்கேயே வீடு கட்டிப் புதுமனை புகுவிழா வைத்தான். சாப்பாட்டுப் பந்தி போட்டுக்கொண்டிருக்கும்போது அப்பாவைக் காணோம். பதினோரு மணி பஸ்ஸைப் பிடித்து ஊருக்கு வந்துவிட்டார். பிள்ளை போனில் கத்தினான். "இல்ல நைனா, காலையிலயே கஞ்சி ஊத்தல. சாயந்தரமாவது ஊத்தலன்னா அதுங்க ஏமாந்து பூடும்" என்று இவர் சமாதானம் சொன்னது என் தோப்புவரை கேட்டது. பிள்ளையை நைனா என்று கொஞ்சுகிற மனிதர், அவனுடைய வீட்டில் ஒரு வாய் சாப்பிடவில்லை. இந்த மாதிரி ஆள் அவர்.

தொட்டியில் கஞ்சி ஊற்றியதும், "வாம்மா, வாம்மா, வாம்மா" என்று மூன்று தரம் கூப்பிடுவார். உரக்கக்கூட இல்லை, பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோல. புதரிலிருந்து ஒவ்வொன்றாக வரும். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தார். ஒரு பெட்டைக்கு இடது காது பாதி கிழிந்திருக்கும். அதற்குப் பெயர் மூளி. அது அவருக்குச் செல்லம். ஐந்தடி தூரத்தில் அவர் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அது பாட்டுக்குக் குடித்துக்கொண்டிருக்கும். நானே வேலியோரம் நின்று எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். பார்க்கப் பார்க்க அலுக்காது. இருபத்திமூன்று மான் வரை வந்தன.

அப்போதெல்லாம் அவருக்கும் எனக்கும் நல்ல பழக்கம். என் தோப்பு மாங்காய் அவர்கள் வீட்டுக்குப் போகும், அவர்கள் வீட்டுக் கஞ்சி என் மாட்டுக்கு வரும். இரண்டாயிரத்து இருபத்தொன்றில் கார்த்திகை மாதம் பேய்மழை கொட்டியது, ஞாபகம் இருக்கும். திருப்பதியே மிதந்தது. பத்து நாள் வெயில் இல்லாமல் அவர் கொட்டகையில் காயப்போட்ட நூலெல்லாம் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம் பூத்துவிட்டது. தறிக்காரர்கள் திருப்பிப் போட்டுவிட்டுப் போனார்கள். மனிதர் அந்த நூலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. நான்தான் ஒரு வழி சொன்னேன். அடுத்த கஞ்சியிலிருந்து பூஞ்சணம் நின்றது, தொழில் பிழைத்தது. அந்தப் பொங்கலுக்குக் கமலம்மா எனக்கு ஒரு புடவை எடுத்துக்கொண்டு வந்து, தட்டில் வைத்துக் கொடுத்தாள்.

அதற்கடுத்த வருஷத்திலிருந்து மான் குறைய ஆரம்பித்தது.

இருபத்திமூன்று பதினைந்தாயிற்று. பதினைந்து எட்டாயிற்று. மலையிலிருந்து வருகிற ஓடையில் இரண்டு மான் செத்துக் கிடப்பதாகச் செங்கல்வராயன் வந்து சொன்னான். அவன் செம்மறி ஆடு மேய்க்கிறவன், மலையில் அவனுக்குத் தெரியாத சந்து கிடையாது. "குண்டு படல, நாய் கடிக்கல. கண்ணு மட்டும் மஞ்சளா கீது" என்றான். அவ்வளவுதான். வேதாச்சலம் அண்ணன் நேராக என் வேலியோரம் வந்து நின்றார்.

"இன்னா மருந்து அடிச்ச தாட்சாயணி?"

"மரத்துக்குத்தாண்ணா அடிச்சேன். மானுக்கா அடிச்சேன்?"

"நீ அடிக்கற மருந்துல எல துன்னுட்டு சாவுதுங்க. நீ வெடி போடறதுல பயந்துகினு ஓடுதுங்க. எல்லாத்துக்கும் மேல உன் வாயி. உன் வாய்க்கு பயந்துகினே பாதி மானு மலைய தாண்டிட்சி!"

வெடி போட்டது உண்மை. காய் காலத்தில் காட்டுப்பன்றி வந்து கிளையோடு இழுத்துப் போடும். தீபாவளி வெடியில் இரண்டு கொளுத்திப் போட்டால் ஓடும். எல்லாத் தோப்பிலும் செய்கிறதுதான். ஆனால் வாயைப் பற்றிச் சொன்னாரே, அதில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி நாலு கேள்வி கேட்டுவிட்டேன். அவரும் விடவில்லை. தெருவே வேலியில் வந்து நின்று பார்த்தது.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மனிதர் மருந்து, வெடி எல்லாவற்றையும் சொல்லித் தெலுங்கில் ஒரு அர்ஜி எழுதிக்கொண்டு போய் ஃபாரஸ்ட் ஆபீசில் கொடுத்துவிட்டார். ஒரு நாள் ஜீப் வந்தது. நாலு பேர் என் தோப்பில் மரம் மரமாகப் பார்த்தார்கள். மோட்டார் ரூமைத் திறக்கச் சொல்லி மருந்து டப்பாவை எல்லாம் வெளியே எடுத்துப் பரப்பினார்கள். ஊர் முழுக்க வேடிக்கை. தப்பாக ஒன்றும் கிடைக்கவில்லை, போய்விட்டார்கள். ஆனால் பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ரேஷன் கடை வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவள், "மான்கொல்லி கிட்ட ஜாக்கிரதையா நில்லு" என்று தன் பெண்ணிடம் சொன்னாள். என் மகள் ரேகா புத்தூரில் காலேஜ் படிக்கிறாள். அவளை அங்கேயே ஒருத்தி கேட்டாளாம், உங்கம்மாதான் மானுக்கு விஷம் வெச்சவங்களா என்று. அன்றைக்கு ரேகா அழுதுகொண்டு வந்தாள். கமலம்மா கொடுத்த புடவையைப் பெட்டியின் அடியில் தள்ளினேன். மீதி வெடியை பிஸ்கட் டின்னில் போட்டு மூடிப் பரண்மேல் வைத்தேன். பன்றி தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும். மரத்துக்கு மருந்தடிப்பதையும் விட்டேன்.

அப்படியும் மான் வரவில்லை. என் வாயையும் குறைத்துக்கொண்டேன் என்றால் நம்புவீர்களா? வேலியோரம் வேலை செய்தால் கூலி ஆட்களை ஜாடையில்தான் கூப்பிடுவேன். அவர் ஜெயித்ததாக இருக்கக் கூடாது என்று வீம்பு ஒரு பக்கம், நிஜமாகவே என்னால்தானோ என்ற பயம் ஒரு பக்கம்.

அவரோ ஒவ்வொரு விடியலிலும் தொட்டிக்கரையில் உட்கார்ந்திருந்தார். மான் குறையக் குறையக் கஞ்சியைக் கூட்டினார். முதலில் மீந்ததை ஊற்றியவர், பிறகு அதுகளுக்கென்றே தனியாக ஒரு பானை காய்ச்சினார். "வாம்மா, வாம்மா, வாம்மா." மூன்று தரம் கூப்பிட்ட மனிதர் முப்பது தரம் கூப்பிட்டார். எனக்கு அவர்மேல் அவ்வளவு ஆத்திரம். ஆனாலும் அந்தக் குரல் காதில் விழும்போது கையிலிருக்கிற வேலை நின்றுவிடும். போன வருஷக் கடைசியில் மூளி ஒன்றுதான் வந்துகொண்டிருந்தது. தை மாதம் அதுவும் நின்றது. அன்றிலிருந்து அவர் கஞ்சி வேலையைக்கூட ஆளிடம் விட்டுவிட்டு மலையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவார் என்று கமலம்மா அழுதாள்.

இந்த வருஷம் ஆடியில் காய் இறங்கியதும் செங்கல்வராயனின் ஆடுகளை என் தோப்பில் கிடை போட்டேன். எருவுக்காக. பகலில் மேயும், ராத்திரி தோப்பில் அடையும். வேலியில் ஒரு சந்து இருந்தது. அது வழியாக ஆடுகள் போய் அண்ணனின் தொட்டியில் வாய் வைக்க ஆரம்பித்தன. அவர் விரட்டவில்லை. மானுக்கு ஊற்றியது வீணாகாமல் ஏதோ ஒரு வாயில் போகிறதே என்று விட்டுவிட்டார். நாற்பது நாள் போலப் போயிருக்கும். ஆவணிக் கடைசியில் ஒரே வாரத்தில் நாலு ஆடு செத்தன. கண் மஞ்சள்.

வேதாச்சலம் அண்ணன் துள்ளிக்கொண்டு வந்தார். ஆமாம், துள்ளிக்கொண்டுதான். அவருக்கு அன்று இரட்டைச் சந்தோஷம். காலையில்தான் எட்டு மாதம் கழித்து மூளி வந்திருக்கிறது, அதுவும் ஒரு குட்டியோடு. குட்டி முதன்முதலாகத் தொட்டியில் வாய் வைத்ததாம். அதைத் தெருவில் பார்த்தவரிடமெல்லாம் சொல்லிவிட்டு, நேராக என் தோப்புக்கு வந்து செத்த ஆட்டைக் காட்டிக் கத்தினார்.

"பாத்தீங்களா எல்லாரும்! மானுக்கு இன்னா வந்துட்சோ அதேதான் ஆட்டுக்கும். இவ தோப்புல விஷம் கீது. நான் சொன்னா எவனும் நம்பல. டாக்டர கூப்பிடு. அறுத்துப் பாக்கட்டும். இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாவணும்!"

"கூப்பிடுண்ணா! நல்லா கூப்பிடு!" என்று நானும் கத்தினேன். அவரே போன் போட்டார். அவரே பைக் அனுப்பினார். கால்நடை டாக்டர் பிரபாகரை என் தோப்புக்கு வரவழைத்தது வேதாச்சலம் அண்ணன்தான். இதை மறந்துவிடாதீர்கள்.

டாக்டர் திருப்பதிப் பக்கத்துப் பையன், வயது முப்பதுக்குள்தான். தமிழ் புரியும், பேசினால் பாதி தெலுங்காக வரும். கையுறை மாட்டிக்கொண்டு ஆட்டை அறுத்தார். ஈரல் மஞ்சளாக இருந்தது. சிறுநீரகத்தை எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தார். கருநீலமாக, இரும்புபோல இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, "இதி மைலதுத்தம் பனி" என்றார். இது மயில்துத்தம் என்கிற நீல உப்பின் வேலை. கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது.

மாமரத்துக்குத் துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிப்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். வேதாச்சலம் அண்ணன் முகத்தில் வெற்றி. "நான் அடிச்சி ரெண்டு வருசம் ஆவுது சார்! என் புள்ள மேல சத்தியம்!" என்றேன்.

டாக்டர் தலையை ஆட்டினார். "ஒரு தபா தின்னா இப்படி ஆவாதும்மா. தினம் கொஞ்சம் கொஞ்சமா உள்ள போவணும். ஈரல்ல சேர்ந்துகினே இருக்கும். மாடு தாங்கும், ஆடு மானு தாங்காது. மேல பாத்தா ஒண்ணும் தெரியாது. ஒரு ரோஜு, ஒரு நாளு, பொட்டுன்னு விழும். இதுங்க தினம் எங்க தண்ணி குடிக்குது?"

செங்கல்வராயன் சொன்னான். "தண்ணி எங்க சார் குடிக்குது? விடிஞ்சா அண்ணன் ஊட்டு தொட்டிக் கஞ்சிதான்."

"என் கஞ்சிய ஏண்டா இழுக்கற?" என்று அண்ணன் சீறினார். "அது அரிசிக் கஞ்சி சார். எங்கப்பா காலத்துலேர்ந்து ஊத்தறோம். மானே துன்னும்."

"கஞ்சிலோ ஏமேமி வேஸ்தாரு?" என்று டாக்டர் கேட்டார். கஞ்சியில் என்னென்ன போடுவீர்கள் என்று.

பள்ளிக்கூடத்துப் பையன் பாடம் ஒப்பிப்பதுபோல அண்ணன் விரல் மடக்கிச் சொன்னார். "அரிசி மாவு சார். கடலெண்ணெய். உப்பு. அப்பறம் பூஞ்சணம் புடிக்காம இருக்க ஒரு சிட்டிகை துத்..."

சொல் பாதியில் நின்றது. மடக்கிய விரல் மடக்கியபடியே இருந்தது.

டாக்டர் மெதுவாக, "எத்தனை வருஷமா?" என்றார். அண்ணன் தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். "அந்த மழை வருசத்துலேர்ந்து சார். சிட்டிகைதான் போடறது. மானுங்களுக்குத்தான்... அதுங்க நாலு நாளு வரதில்ல, அதுக்குள்ள கஞ்சி புளிச்சிப் பூடுது. புளிச்சத அதுங்க தொடாது. கெடாம இருக்கட்டும்னு அதுங்க பானையில மட்டும் இன்னும் கொஞ்சம்..."

அதுகளுக்கென்று தனியாகக் காய்ச்சிய பானை. மான் குறையக் குறையக் கூட்டிய கஞ்சி.

இரண்டு வருஷமாக நான் ஒரு பேச்சை மனசுக்குள் தயார் செய்து வைத்திருந்தேன். இந்த மனிதர் பொய் என்று ஊர் நடுவில் நிரூபணமாகும் நாளில் என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாக வைத்திருந்தேன். குளிக்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அந்த நாள் வந்துவிட்டது. ஊரே நிற்கிறது. நான் வாயைத் திறந்தேன்.

அப்போது பின்னாலிருந்து கமலம்மா என் காதோரம் தணிந்த குரலில் கேட்டாள். குற்றம் சொல்லவில்லை, ஏதோ ஞாபகம் வந்ததுபோலத்தான் கேட்டாள். "அந்த மழையில, முதல் பொட்டலம் துத்தம் நீ குடுத்ததுதான தாட்சாயணி?"

கடவுளே. மோட்டார் ரூமிலிருந்து எடுத்து, காகிதத்தில் மடித்து, வேலிக்கு மேலாக நீட்டினேன். என் மரத்துப் பூஞ்சணத்துக்குப் போடறதுதாண்ணா, உன் நூலுக்கும் கேக்கும், ஒரு சிட்டிகை போடு என்றேன். அதற்குத்தான் புடவை. நூலுக்குப் போடச் சொன்னேனே தவிர, அந்தக் கஞ்சி மிச்சம் எங்கே போகிறது என்று நான் ஒரு நிமிஷம் யோசித்தேனா? இருபத்திமூன்று மானும் அதைக் குடிப்பதை வேலியோரம் நின்று கண்ணாரப் பார்த்தவள் நான். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

வேதாச்சலம் அண்ணன் என்னைப் பார்க்கவேயில்லை. டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், இன்னிக்கி காலையில மூளி வந்துட்சி சார். குட்டியோட. எட்டு மாசம் கழிச்சி. ரெண்டும் குடிச்சிட்சி சார்."

டாக்டர் முகம் மாறியது. "குட்டி இன்னிக்குத்தான் முதல் தடவையா? அப்போ அதுக்கு ஒண்ணும் ஆவாது. பெரியது எட்டு மாசம் குடிக்காம இருந்ததுதான் அதைக் காப்பாத்தி இருக்கு. இனிமே ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது. தொட்டிய எடுத்துடுங்க. அது மட்டும் பத்தாது. நாலு வருஷம் ஊத்தின மண்ணு, உப்பு ருசிக்கு அதுங்க அந்த மண்ணை நக்கும். அந்தப் பக்கமே வராம பண்ணுங்க."

அன்று சாயங்காலம் தொட்டியைக் கடப்பாரையால் நெம்பிக் கவிழ்த்தோம். நானும் செங்கல்வராயனும் அண்ணனும். அடியில் பச்சை நீலமாகப் படிந்திருந்தது. அவர் அதை விரலால் தொட்டார். பாசி என்று நினைத்திருந்தேன் என்றார். சுற்றியிருந்த மண்ணைக் கொத்தி, என் தோப்பு முள்ளை வெட்டிவந்து மேலே பரப்பினோம். கமலம்மா கொண்டுவந்த காப்பியை அவர் தொடவில்லை.

மறுநாள் விடியவில்லை, கதவைத் தட்டுகிறார். திறந்தால் அண்ணன். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் என் வாசலில்.

"வெடி கீதா தாட்சாயணி?"

பரணில் ஏறி பிஸ்கட் டின்னை எடுத்தேன். என்ன கேலிக்கூத்து பாருங்கள். இந்த வெடிக்காகத்தான் என் தோப்புக்கு ஜீப் வந்தது. இருவரும் வேலிச் சந்து வழியாகப் போய்க் கொட்டகைச் சுவரோரம் உட்கார்ந்தோம். வெளுத்துக்கொண்டு வரும் நேரத்தில் புதர் அசைந்தது. முதலில் அந்தக் கிழிந்த காது தெரிந்தது. அப்புறம் மூளி, அதன் வயிற்றை ஒட்டிக்கொண்டு குட்டி. முதுகில் புள்ளிகள் அவ்வளவு புதுசாக இருந்தன. எத்தனை நாளாயிற்று பார்த்து.

அண்ணன் வெடியைப் பற்றவைத்தார். மூன்று குச்சி வீணானது. திரி எரிந்து உள்ளே போனது. புஸ் என்று அணைந்தது. இரண்டு வருஷப் பரண் ஈரம். இன்னொன்று, அதுவும் புஸ். மூளி முள்ளுக்குப் பக்கத்தில் வந்து, கொத்திய மண்ணை முகர்ந்தது. அவர் எழுந்து கையை வீசினார்.

"போ! போம்மா! இங்க வராத! போ!"

அது தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. ஓடவில்லை. இரண்டு அடி முன்னால் வந்தது. எப்படி ஓடும்? பிறந்ததிலிருந்து அது கேட்ட குரல். அவர் எதைச் சொன்னாலும் அதற்கு 'வாம்மா'தான். அவர் கத்தக் கத்த அது கிட்டே வந்தது. பின்னாலேயே குட்டியும். ஒரு கல்லை எடுத்தார். ஓங்கினார். கை மேலேயே நின்றது, கீழே வரவில்லை. கல்லைப் போட்டுவிட்டு என்னிடம் திரும்பினார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"என்னாண்ட பயப்பட மாட்டேங்குது. நீ கத்து தாட்சாயணி. உன் வாய்க்குத்தான் அதுங்க பயப்படும். கத்தும்மா."

கத்தினேன். எழுந்து நின்று, வயிற்றிலிருந்து எடுத்து, என் ஐம்பது வருஷத்துக் குரல் மொத்தத்தையும் போட்டுக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. ஏய், ஓடு, செத்துத் தொலையாதே என்று ஏதேதோ. அழுகையும் சேர்ந்து வந்தது. மூளி துள்ளித் திரும்பியது. வாலின் வெள்ளை ஒரு முறை தெரிந்தது. குட்டி கால் இடறி விழுந்து எழுந்து, அதன் பின்னால் ஓடியது. அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் குந்திவிட்டார்.

மறுநாளும் வந்தன. கத்தினேன். அதற்கு மறுநாள் தூரத்திலேயே நின்று பார்த்தன. கத்தினேன். நாலாம் நாள் புதர் அசைந்தது, வெளியே வரவில்லை. ஒவ்வொரு விடியலிலும் அவர் என் வாசலில் வந்து நின்று, "வா, வந்து கத்து" என்று கூப்பிட்டார். ஊரில் என்னை இப்போது யாரும் மான்கொல்லி என்பதில்லை. சந்தோஷப்படத்தான் முடியவில்லை. தெருவில் அண்ணன் போகும்போது எல்லாரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். முதல் பொட்டலம் யார் கொடுத்தது என்று அவர் இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. கமலம்மாவையும் சொல்ல விடவில்லை. நான்தான் இங்கே சொல்கிறேன்.

ஐந்தாம் நாள் ஒன்றும் வரவில்லை. வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தோம். முள்ளின்மேல் ஒரு கரிச்சான் குருவி வந்து உட்கார்ந்துவிட்டுப் போனது.

"வெலகிப் போயிட்சா, இல்ல செத்து விழுந்துட்சா?" என்று கேட்டார்.

செங்கல்வராயனை ஓடைப் பக்கம் பார்த்துவரச் சொல்லலாம் என்றேன். வேண்டாம் என்றார்.

"உசிரோட இருந்தாலும் இருக்கும். எதுக்கும் இன்னொரு தபா கத்திடு தாட்சாயணி."

நான் எழுந்து நின்று வெறும் மலையைப் பார்த்துக் கத்தினேன்.